வாத்துக் கதையும் என் கண்ணீர் அஞ்சலியும்

மொன்றியலில் இருக்கும் யாழ்ப்பாணத்தவர்களில் முதலில் அஞ்சலி செலுத்துவது யார் என்று போட்டி வைத்தால் கோப்பை எனக்குத்தான். ஊரில் ஒருவர் கண்ணை மூடினால், பக்கத்து நகரான லவாலில் இருக்கும் அவருடைய மகனுக்குச் செய்தி வருமுன்னே என் 'கண்ணீர் அஞ்சலி' ஃபேஸ்புக்கில் அவருடைய படத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துவிடும். பெயர் வாசிக்க நேரமிருக்காது. கறுப்பு வெள்ளைப் படம், ஓரத்தில் ஒரு பூ, அவ்வளவு போதும். ஒரு மெழுகுதிரி, கூப்பிய கை, ஓம் சாந்தி. ஆள் வேதக்காரர் என்று பிறகு தெரியவந்தால் ஓமை மட்டும் அழித்துவிடுவேன்.

எனக்கு ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை. என்னோடு தக்காளி அடுக்குகிறவள் மணிப்பூர்க்காரி. இருவரும் பேசிக்கொள்வது பாதி ஆங்கிலம், கால்வாசி பிரெஞ்சு, மீதி கை. தமிழில் அவளுக்குத் தெரிந்தவை இரண்டே சொற்கள்: அண்ணை, பேந்து. பெட்டியை இறக்கு என்றாலும் பேந்து, நிலத்தைக் கூட்டு என்றாலும் பேந்து என்று சொல்கிற ஆட்களோடு வேலை செய்தால் அது தானாக வந்துவிடும். அவள் ஏதாவது சொல்லி நடுவில் நிறுத்தும்போதும் நான் "பேந்து?" என்பேன். ஒருநாள் குழம்பிப்போய் விளக்கம் கேட்டாள்.

"வேலையெண்டால் இப்ப இல்லை எண்டு அர்த்தம். கதையெண்டால் மேல சொல்லு எண்டு அர்த்தம்" என்றேன்.

அவளுடைய அம்மா இம்பாலில், பெண்கள் மட்டுமே கடை வைக்கும் சந்தையில் கருவாடு விற்கிறவர். ஒவ்வொரு கிழமையும் மகளுக்குக் குரல் செய்தியில் ஒரு கதையின் துண்டை அனுப்புவார். அவர்கள் மொழியில் கதைக்குப் பெயர் வாரி. அடுப்பைச் சுற்றியிருந்து கேட்பது புங்கா வாரி. இப்போது அடுப்புக்குப் பதில் ஃபேஸ்புக். மகள் அதைத் தங்கள் எழுத்தில் ஞாயிறுதோறும் போடுவாள். விற்பதற்காக ஒரு வாத்தைச் சந்தைக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு சாட்டுச் சொல்லி வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவரும் ஒரு பெண்ணின் கதை மாதக்கணக்காக ஓடியது. நான் ஒவ்வொன்றுக்கும் தவறாமல் இதயம் அழுத்தினேன். ஒன்றையும் வாசிக்கவில்லை.

அந்த ஞாயிறு, கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. தலையில் பூ வைத்த ஓர் இளம்பெண். எழுத்து விளங்கவில்லை. மொழிபெயர்ப்பை அழுத்தினேன். 'அம்மாவின் கதை முடிந்தது' என்று வந்தது.

தமிழனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

"என்னப்பா, ஆராம்?" என்றாள் மனைவி.

"எங்கட கடை மணிப்பூர்ப் பிள்ளையின்ர தாய்."

"ஐயோ பாவம். வடிவா வாசிச்சனீங்களோ?"

"படம் இருக்கு, பூ இருக்கு. இன்னும் என்னத்தை வாசிக்கிறது?"

அஞ்சலியைப் போட்டேன். கடை வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பினேன். எங்கள் சனத்துக்குக் கைகாட்டிவிட்டால் போதும். வில்லரேயிலிருந்து ஆத்மா சாந்தியடைந்தது, லவாலிலிருந்து குடும்பத்தினரின் துயரில் பங்குகொண்டார்கள். அவளை வாழ்நாளில் கண்டேயிராத என் மைத்துனன், 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று எழுதினான்.

பின்னேரம் அவளிடமிருந்து அழைப்பு வந்தது. குரல் இறங்கிப்போயிருந்தது.

"அண்ணை, உங்களுக்கு யார் சொன்னது?"

"என்னது?"

"அம்மா. எங்கே நடந்தது? எப்போது?"

"கதை முடிஞ்சுது எண்டு நீர்தானே பிள்ளை போட்டனீர்."

"வாத்துக் கதை, அண்ணை. வாத்துக் கதைதான் முடிந்தது."

கடைசித் துண்டை அம்மா வியாழக்கிழமை அனுப்பியிருக்கிறார். அன்றைக்கே அங்கே கலவரம் என்று இன்டர்நெட்டை வெட்டிவிட்டார்கள். அம்மாவின் தொலைபேசியும் எடுபடவில்லை. தாய் இளமையில் எடுத்த படத்தோடு கதையை முடித்துவைத்துவிட்டு, செய்தி வருமென்று காத்திருந்தவளுக்கு என் மெழுகுதிரிதான் வந்திருக்கிறது. எங்களுடைய மடத்தனத்தை விளக்கினேன். அவள் நம்பவில்லை.

"இத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள். இப்போது என்னிடம் மறைக்கிறீர்களா?"

என் அஞ்சலியை அழித்தேன். ஆனால் மற்றவர்களுடையது வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொருவராக அழைத்து அழிக்கச் சொன்னேன். மைத்துனன் கேட்டான், "அவ சாகேல்லை எண்டு உமக்கு வடிவாத் தெரியுமோ?" எனக்குத் தெரியாது. அன்றுபோல் நான் என்றைக்கும் வெட்கப்பட்டதில்லை.

நான்கு நாள் அவள் என் முகத்தைப் பார்க்காமல் தக்காளி அடுக்கினாள். ஐந்தாம் நாள் காலை, கையில் பெட்டியோடு வந்து நின்றாள். அம்மா பக்கத்து வீட்டுத் தொலைபேசியிலிருந்து அழைத்திருக்கிறார். இருக்கிறார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெங்காயப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

"நீங்கள் செய்ததைச் சொன்னேன். அம்மா நிறையச் சிரித்தா. உங்களுக்குத் தண்டனை இருக்கிறதாம்."

"என்ன தண்டனை?"

"அவவை ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். பதிலுக்கு உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு வாரி சொல்லவேண்டுமாம்."

என் அம்மா போய்ப் பல வருடம். திவசத்துக்குத் திவசம் அதே படம், அதே 'ஆண்டுகள் உருண்டோடினாலும்' என்ற வரி. வருடத்தை மட்டும் மாற்றுவேன். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணி என்பதெல்லாம் அவளுக்குச் சொன்னேன். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். "அது சாவு, அண்ணை. வாரி?"

இம்பாலில் இன்டர்நெட் திரும்பி வந்த அன்று, தன் தொலைபேசியை என் வாய்க்கு நேரே பிடித்தாள். நான் தமிழிலேயே தொடங்கினேன்.

"ஒருக்கா ஊரில போனெல்லாம் வெட்டிக் கிடந்த நேரம், நான் செத்துப்போனன் எண்டு ஆரோ எங்கட அம்மாவிட்டைச் சொல்லிப்போட்டினம். எட்டு நாள் கழிச்சு நான் வீட்டுக்குப் போனன். அம்மா வாசல் படலையடியில..."

அதற்குமேல் எனக்கு வரவில்லை. பிறகு லொறி பின்னுக்கு வரும் சத்தமும், யாரோ யாருக்கோ சொன்ன ஒரு பொன்ஜூரும் பதிவாகின. அவள் அதை அப்படியே அனுப்பிவிட்டாள். நான் ஆங்கிலத்திலும் கையிலும் விளக்கியதைக் கீழே தன் மொழியில் எழுதினாள், என்ன கேட்கவேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தாள்போல.

பதில் மதியம் வந்தது. அவள் என் காதில் வைத்தாள். கோழி கத்துகிறது, பாத்திரம் உருளுகிறது, பிறகு நான் அஞ்சலி செலுத்திய அந்தப் பெண் என் மொழியில் மெதுவாகக் கேட்கிறார்:

"பேந்து?"