மறுபடி சிஸ்டர் போட்ட டிக்

எங்கள் வார்டில் அவளுக்கு 'மறுபடி சிஸ்டர்' என்று பெயர். வைத்தவர்கள் நோயாளிகள்தான். யாராவது குணமாகி வீட்டுக்குப் போகிற நாளில், மாத்திரைக் கவரை எடுத்துக்கொண்டு அவர்கள் கட்டில் ஓரமாக உட்கார்ந்துவிடுவாள். எது எதற்கு, எப்போது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று நிதானமாகச் சொல்லி முடித்து, "சரி, இப்போ நீங்க எனக்குச் சொல்லுங்க" என்பாள். தப்பாகச் சொன்னால், "மறுபடி." திரும்பவும் தப்பினால், "மறுபடி." வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்து ஓய்ந்துபோவார். இவள் அசையமாட்டாள்.

வீட்டிலும் அதே கதைதான். அவள் மகள் கடைக்குப் போவதென்றால் வாங்க வேண்டியதைத் திருப்பி ஒப்பித்துவிட்டுத்தான் செருப்பு மாட்ட வேண்டும்.

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். இருபத்தெட்டுக் கட்டிலுக்கு நாங்கள் இரண்டே நர்ஸ்கள். நான் பத்துப் பேருக்கு ஊசி போட்டுவிட்டு வருவதற்குள் இவள் ஒரே ஆளோடு மாரடித்துக்கொண்டிருப்பாள். "அதான் தலையாட்டுறாங்களே, போதாதாடி?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"வயசானவங்க தலையாட்டுறது நமக்குக் குடுக்கிற மரியாதைடி. புரிஞ்சுதுன்னு அர்த்தமில்ல" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்ன மாத்திரையைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்த பெரியவரைக் கண்டுபிடித்தது அவள்தான்.

வீட்டுக்கு அனுப்பும் தாளின் கடைசியில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று, மருந்து விளக்கப்பட்டது. இன்னொன்று, நோயாளி திருப்பிச் சொன்னார். நாங்களெல்லாம் நோயாளி பல் தேய்க்கும் முன்பே இரண்டிலும் டிக் போட்டு வைத்துவிடுவோம். காதால் கேட்காமல் இரண்டாவது கட்டத்தில் அவள் பேனா வைத்ததே இல்லை. ஒரே ஒரு தடவை வைத்தாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்தத் தடவை நோயாளி எங்கள் மருந்து ஐயா. இதே ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னலில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவர். டாக்டர் அளவு தப்பாக எழுதினால் சீட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டர் அறைக்கே போய்ச் சண்டை போட்டவர். ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் கழித்து, மூட்டெல்லாம் வீங்கி எங்கள் வார்டுக்கு வந்தார். பத்து நாளில் தேறினார். கிளம்பும்போது கையில் இரண்டு வகை மாத்திரை. இரண்டுமே சின்னது, இரண்டுமே மஞ்சள். மூட்டு மாத்திரை வாரத்தில் ஞாயிறு ஒருநாள் மட்டும். மீதி ஆறு நாளும் சத்து மாத்திரை. இது அதுவாக மாறினால் ஆளையே முடித்துவிடும்.

வழக்கம்போல அவள் உட்கார்ந்தாள், விளக்கினாள். "இப்போ நீங்க எனக்கு…" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், மருந்து ஐயா சிரித்தார்.

"யாருக்கும்மா பாடம் நடத்துற?"

பக்கத்துக் கட்டிலில் சலைன் மாற்றிக்கொண்டிருந்த நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அடியேய், மருந்து ஐயாவுக்கே பாடமா? விடுடி, மானம் போகுது!" என்றேன். நாலு கட்டிலுக்குக் கேட்கிற மாதிரி.

அவள் முகம் சிவந்துவிட்டது. மருந்து ஐயா பக்கத்தில் நின்ற தன் மகளைப் பார்த்து, "போய் வண்டியக் கூப்பிடும்மா" என்றார். இவள் இரண்டு கட்டத்திலும் டிக் போட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பதினைந்தாம் நாள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாய் முழுக்கப் புண், ஈறில் ரத்தம், அனலாகக் காய்ச்சல். மகள் மாத்திரைக் கவரைக் கொடுத்தாள். மூட்டு மாத்திரை அட்டையில் பன்னிரண்டு குழிகள் காலி. சத்து மாத்திரையில் இரண்டே இரண்டு.

"ஆறு மாசமாவே அப்பாவுக்கு எதுவும் ஞாபகம் நிக்கல சிஸ்டர். வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார். மாத்திரையையும் தானே எடுத்துப்பேன்னுட்டார்" என்று மகள் அழுதாள்.

டாக்டர் முறிவு மருந்து கொடுத்தார், ரத்தம் ஏற்றினார். அதற்குள் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. டியூட்டி முடிந்தும் இவள் வீட்டுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் ஈரப் பஞ்சால் அவர் உதட்டைத் துடைத்தபடி, "ஐயா, நான் உங்களக் கேட்டிருக்கணும்" என்றாள்.

அவரால் பேச முடியவில்லை. ஆனாலும் பேசினார். "கேட்டுருவியோன்னு… பயந்துகிட்டே இருந்தேம்மா. நீ சொன்னதுல ஒண்ணுகூட மனசுல நிக்கல. நீ கேக்காம விட்டியா… நல்ல வேளைன்னு நெனச்சேன்."

மறுநாள் காலை போய்ச் சேர்ந்துவிட்டார்.

தலைமை நர்ஸ் அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "தாள்ல டிக் இருக்கு. இங்க சரியாத்தான் சொன்னார், வீட்டுக்குப் போய் மறந்துட்டார். வாயைத் திறக்காம இரு, ஒண்ணும் ஆகாது." இவள் அந்தத் தாளை வாங்கி, இரண்டாவது டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் 'கேட்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு நேரே ஐயாவின் மகளிடம் போய் அதையே சொன்னாள்.

மகள் கத்தவில்லை. "எல்லாரையும் கேப்பீங்களாமே சிஸ்டர். எங்கப்பாவ மட்டும் ஏன் விட்டீங்க?" என்று கேட்டாள். பதில் இவள் பக்கத்திலேயே டிரேயைப் பிடித்துக்கொண்டு நின்றது. எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு அவ்வளவு சத்தமாக வந்த வாய்தான்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு முழுக்கச் சாத்தியிருக்கவில்லை.

"அப்போ பக்கத்துல வேற நர்ஸ் யாராவது இருந்தாங்களா?"

"யாரும் இல்ல சார்" என்றாள்.

அவளுக்கு வேலை போயிற்று. இப்போது ஒரு துணிக்கடையில் நாளெல்லாம் நின்று சேலை பிரித்துப் போடுகிறாள். நான் அதே வார்டில்தான் இருக்கிறேன். அன்றைக்கு அந்த மூன்று பேரும் வெளியே வந்து, என்னைத் தாண்டி நடந்து, வண்டியில் ஏறிப் போனார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நல்ல வேளை என்று நினைத்துக்கொண்டேன்.