முட்டை வெந்த கெட்டில்

ஹில்கே ஊக்கென் மல்லாந்து படுத்திருக்கிறார். கட்டில் அவருடையதல்ல, வீடும் அவருடையதல்ல. வீட்டுக்காரர்கள் இருவரும் அறைவாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். அவர் இடப்பக்கம் ஒருமுறை புரள்கிறார், வலப்பக்கம் ஒருமுறை. கட்டில் கிறீச்சிடுகிறது. "இதுல ஒரு வருஷம் நீங்க படுப்பீங்களா?" என்று கூரையைப் பார்த்தபடியே கேட்கிறார். "நான்னா ஒரு மதியத் தூக்கத்துக்குக்கூடப் படுக்க மாட்டேன்" என்று எழுந்து, கலைந்த முடியைத் தட்டிவிட்டுக்கொண்டு, அடுத்து குளியலறைக்குப் போய்விடுகிறார்.

வெளிநாட்டிலிருந்து வந்து, ஒரு குடும்பத்தோடு தங்கி, பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு, மீதி நேரத்தில் ஜெர்மன் படிக்கும் பெண்ணை ஓபேர் என்கிறோம். வட ஜெர்மனியின் லேர் நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் அப்படி ஒரு பெண் வேண்டுமென்றால் ஹில்கே என்ற இந்த அம்மாவைத்தான் கூப்பிட வேண்டும். பெண்ணைத் தேடித் தருவதற்கு முன்னால், அவள் படுக்கப்போகும் கட்டில் முதல் குளியலறை வரை சோதித்துவிட்டு, அவளை வைத்துக்கொள்ள என்ன செலவாகும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுப்பார். மலிவாக ஓர் ஆள் கிடைக்கப்போகிறது என்ற நினைப்பில் இருப்பவர்களுக்கு அந்த அரை மணி நேரம் போதாத காலம். கைச்செலவுப் பணம், காப்பீடு, மொழி வகுப்பு, பஸ் பாஸ் வரை எல்லோரும் தாங்களே எழுதி வைத்திருப்பார்கள். "சுடுதண்ணி?" என்பார் ஹில்கே. "இருபது வயசுப் பொண்ணு குளிக்கிற சுடுதண்ணிய எங்க எழுதியிருக்கீங்க? எழுதலையா? சரி, இப்ப எழுதுங்க. எழுதினதுல பாதியை மறுபடியும் அதுகூடச் சேருங்க."

முன்பு மாட்டுச் சந்தை அலுவலகத்தில் இருந்தவர். எவ்வளவு பெரிய தொகையைச் சொல்லும்போதும் முகத்தில் ஒன்றும் தெரியாது. கால்குலேட்டரைத் தொட மாட்டார். காதில் செருகிய பென்சிலை எடுத்துக் கூட்டுவார், கூட்டி முடித்ததும் தாளை எதிராளி பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஜன்னல் வழியே தோட்டத்தைப் பார்ப்பார். ஆண்கள் தலையைச் சொறிவார்கள். பெண்கள் கணவனைப் பார்ப்பார்கள். "அழணும்னா இப்பவே அழுதுடுங்க, பொண்ணு வந்தப்புறம் அழக்கூடாது" என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல்.

நான் அவருடைய கீழ்வீட்டுக்காரன். அவருக்குக் கண்ணில் அறுவை நடந்து கார் ஓட்டக்கூடாது என்று ஆனபோது நான் ஓட்டினேன். போகிற வீட்டில் தேநீர் கிடைக்கும் என்பதுதான் எனக்குக் கூலி. அப்படித்தான் வீப்கே வீட்டுக்கும் போனேன்.

வீப்கே மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். கணவன் ஒன்னோ கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளைப் பழுதுபார்ப்பவன், இரண்டு வாரம் கடலில், இரண்டு வாரம் கரையில். அவளுக்கு ஒரு நல்ல பதவி வருவதாக இருந்தது, ஆனால் விடியற்காலை முறை. பிள்ளைகளின் மழலையர் பள்ளி திறப்பதற்குள் அவள் வேலையில் நிற்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் ஆள் இருக்கிறது என்று சொல்லாவிட்டால் பதவி வேறொருவருக்குப் போய்விடும். ஏற்கெனவே ஹில்கே அனுப்பி அங்கிருந்த லேலா என்ற ஜார்ஜியப் பெண் பாதியிலேயே கிளம்பிப் போயிருந்தாள். அதனால் இன்னொரு பெண்ணைத் தரலாமா என்பது ஹில்கேயின் கையில் இருந்தது.

வீப்கே வீட்டுக் கட்டில் தேறிவிட்டது. எழுந்து உட்கார்ந்த ஹில்கேயின் கண்ணில் அலமாரி மேலிருந்த பெட்டி பட்டது. பிரிக்காத புது மின்சாரக் கெட்டில்.

"இது எதுக்கு இங்க?"

"அதை ஏன் கேக்கறீங்க மேடம்" என்று வீப்கே குரலைத் தாழ்த்தினாள். "லேலா எங்க தேத்தண்ணிக் கெட்டில்ல முட்டை வேகவச்சிருக்கா. தினமும். தேத்தண்ணி ஏன் ஒரு மாதிரி இருக்குன்னு நாங்க மண்டைய உடைச்சுக்கிட்டோம். ஒரு நாள் கையும் களவுமா பிடிச்சேன். கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன். அடுத்த வாரமே கிளம்பிட்டா."

எங்கள் கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் தேநீருக்குத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தை யாரும் வேறொன்றுக்குத் தொட மாட்டார்கள். போன வீடுகளில் நான் குடித்த தேநீர் எல்லாம் ஒருமுறை நினைவில் வந்து போயிற்று. பார்க்காத அந்தப் பெண் மேல் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

"அதான், வரப்போற பொண்ணுக்குத் தனிக் கெட்டிலே வாங்கிட்டோம்" என்றான் ஒன்னோ பெருமையாக. "செலவுக் கணக்குல அதையும் சேர்த்தாச்சு."

சமையலறை மேசையில் தாளை விரித்தார்கள். ஹில்கேயின் பென்சில் சாப்பாடு என்ற இடத்தில் நின்றது.

"மாசம் அறுபது யூரோதானா?"

"தாராளம் மேடம். ராத்திரி ரொட்டி, பாலாடைக்கட்டி, வெள்ளரி ஊறுகாய். காலையிலயும் ரொட்டிதான். ஒரு பொண்ணு எவ்வளவு சாப்பிடும்?"

"மதியம்?"

"மதியம் வீட்டுல யாரும் இருக்க மாட்டோமே" என்றான் ஒன்னோ.

அவ்வளவு வெள்ளை மனதோடு சொன்னான். வீப்கேக்கு மருத்துவமனை உணவகத்தில் சூடான சாப்பாடு. பிள்ளைகளுக்குப் பள்ளியில். அவனுக்குக் கடலில், கரைக்கு வந்தால் துறைமுகக் கடையில். எங்கள் ஊரில் பாதி வீடு இப்படித்தான், என் வீடும் இப்படித்தான் இருந்தது. சமைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அதனால்தான் அந்த வாக்கியத்தில் என்ன குறை என்று எனக்கும் உடனே உறைக்கவில்லை. பிறகுதான் உறைத்தது. மதியம் அந்த வீட்டில் ஒருத்தி இருந்திருக்கிறாள்.

"அடுப்பு இருக்கே" என்றார் ஹில்கே மெதுவாக. "அவ ஏன் கெட்டில்ல போட்டா?"

ஒன்னோ யோசித்தான். "வந்த அன்னிக்கு வீட்டைச் சுத்திக் காட்டினேன். எது எவ்வளவு கரண்ட் இழுக்கும்னு சொன்னேன், வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றதுதான். அடுப்பு ரொம்ப இழுக்கும், கெட்டில் ஒண்ணுமே இழுக்காதுன்னு…" பாதியில் நிறுத்திவிட்டான்.

வீப்கே நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அவ."

"நீங்க யாரும் போடாத அடுப்பை அவ எப்படிக் கேப்பா?"

"எனக்குத் தெரியல மேடம்." வீப்கேயின் கண் நிறைந்துவிட்டது. குற்றம் சொல்லும் எண்ணமே இல்லாமல் தொடர்ந்தாள். "லேலா வர்றதுக்கு முன்னாடி வீட்டைப் பார்த்துட்டு நீங்களே பாராட்டினீங்க. அடுப்பு கடையில இருக்கற மாதிரி பளபளன்னு இருக்குன்னு."

ஹில்கேயின் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். காதில் செருகப்போன பென்சில் கையிலேயே நின்றது. லேலா போனதற்குக் காரணம் வீட்டு ஏக்கம் என்று கோப்பில் எழுதி முடித்தவர் அவர்தான்.

பிறகு தாளில் கெட்டிலை அடித்தார். அறுபதையும் அடித்து, பக்கத்தில் மூன்று மடங்கு எழுதி, அடியில் தொகையை மாற்றினார். இந்த முறை தோட்டத்தைப் பார்க்கவில்லை.

"இது தாங்காதே" என்றான் ஒன்னோ.

"துறையில சும்மா கட்டிக் கிடக்குற உன் படகை வித்துடு" என்றாள் வீப்கே.

"படகை வித்தா மட்டும் போதாது" என்றார் ஹில்கே. "பொண்ணு வந்த முதல் வாரம் லீவு போட்டு, மதியம் அவகூட நின்னு சமைங்க. உங்க அடுப்புல, உங்க கரண்ட்ல. முடியும்னா திங்கக்கிழமை ஆஸ்பத்திரியில சரின்னு சொல்லுங்க."

திரும்பும் வழியில் அணைக்கரையோரம் காரை நிறுத்தச் சொன்னார். லேலாவின் எண்ணைப் போட்டார். ஊரில், தன் அம்மா வீட்டில் இருந்தாள். கெட்டிலைப் பற்றி ஹில்கே சுற்றி வளைக்காமல் கேட்டார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "விடுங்க மேடம். முட்டை நல்லாத்தான் வெந்துச்சு. பாஸ்தாதான் உள்ள ஒட்டிக்கும்."

போனை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "எய்லெர்ட், நான் கட்டில்ல படுத்துப் பார்த்தேன். ஒரு நாள் மதியம் அந்த மேசையில உக்காந்து பார்க்கல" என்றார். நான் காரைக் கிளப்பினேன்.

செப்டம்பரில் கிர்கிஸ்தானிலிருந்து ஐசாடா வந்தாள். வீப்கேக்குப் பதவி கிடைத்தது. பெண் வந்து மூன்றாவது வாரம், வேலைநாள் ஒன்றில், ஹில்கே என்னை நண்பகலுக்கு அங்கே கொண்டுபோய் விடச் சொன்னார். முன்கூட்டிச் சொல்லவில்லை. மணியடித்ததும் ஐசாடா ஈரக் கையோடு கதவைத் திறந்தாள். அவள் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஹில்கே அவளைத் தாண்டி, மழைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் போனார். கரண்ட் அடுப்பின் கண்ணாடிப் பரப்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். சட்டென்று எடுத்து, உஃப் உஃப் என்று ஊதிக்கொண்டார்.