ஒரு ‘ச்’ செய்த வேலை

போன வாரம் பக்கத்து வீட்டு மாலதி தீதி என்னைப் பார்த்ததும் கேட்டைச் சாத்திக்கொண்டார். என் முகத்துக்கு நேராக... டமால்!

எனக்குச் சும்மாவே கவலை வரும். கேஸை அணைத்தேனா என்ற சந்தேகத்தில், அபர்டீன் பஜார் வரை போன ஆட்டோவைத் திருப்பச் சொன்ன ஆள் நான். சாத்திய கேட்டைப் பார்த்துவிட்டுத் தூங்க முடியுமா? எங்கள் வீட்டுத் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடியதா? முருங்கை இலை விழுந்ததா? என்னதான் செய்தேன்?

அந்தமானில் இந்த ஷாதிபூருக்குக் குடிவந்தபோது எனக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. சொந்தபந்தமெல்லாம் மெயின்லேண்டில். ‘ஃபாரின் போன பெண் மாதிரி எழுதுகிறீர்களே, அந்தமானுக்குப் பாஸ்போர்ட்டா வேண்டும்?’ என்று வாசகர்கள் சிலர் கேட்கிறீர்கள். வேண்டாம்தான். ஆனால் எனக்குக் காய்ச்சல் என்றால் அம்மா வந்து சேரக் கப்பல் டிக்கெட் கிடைக்க வேண்டுமே! தீதி என்றால் இந்தியில் அக்கா; ஆனால் அம்மா, அக்கா, இந்தி வாத்தியார் — இங்கே எனக்கு எல்லாமே தீதிதான். அவர் பேசாமல் போனால்...?

“கூண்டுல விட்ட எலி மாதிரி ஏன் சுத்துற? நேராப் போய்க் கேளேன்” என்றார் என் வீட்டுக்காரர்.

போனேன். “தீதி, க்யா ஹுவா?” என்ன ஆச்சு என்று கேட்டேன்.

“மே சோர் ஹூ?” என்றார். நான் திருடியா? கண் கலங்கியிருந்தது. “உன் வீட்டுக்காரர் வராண்டாவில் நின்று கத்துகிறார். ‘மாலதி தீதி சோர், மாலதி தீதி சோர்’ என்று! இந்தச் சந்து, மொத்தக் கல்லியும் கேட்டது!” இந்தியில் பொரிந்து தள்ளினார்.

ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பத்திரிகையில் என் பத்தி வந்ததும் ராமநாதபுரத்தில் இருக்கிற தம்பிக்கு போன் போட்டு, இவர் உரக்க வாசித்துக் காட்டுவது வழக்கம். போன முறை, காய்ச்சலில் கிடந்த எனக்குத் தீதி சாப்பாடு கொண்டுவந்து ஊட்டியதைத்தான் எழுதியிருந்தேன். ‘மாலதி தீதி வீட்டு சோறு’ என்று. எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு ஒற்றெல்லாம் எங்கே தெரியும்? எடிட்டர் ஒரு ‘ச்’ சேர்த்தார். ‘வீட்டுச் சோறு’. ‘ஸோறு’ என்று ஒலித்திருக்க வேண்டியது ‘ச்சோறு’ ஆகிவிட்டது. இவரோ அதை அழுத்தி, மைக் பிடித்த மாதிரி வாசித்திருக்கிறார். இந்தியில் சோர் என்றால் திருடர். தமிழ் தெரியாமல் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவருக்குத் தன் பேரையும் ‘சோர்’ என்பதையும் தவிர வேறென்ன கேட்கும்?

தீதியின் கையைப் பிடித்து என் அடுப்படிக்கு இழுத்துப்போய்ப் பானையைத் திறந்தேன். “தீதி, யஹி சோறு! பாத்! உங்க பாத்!” இந்தியில் சோற்றுக்கு அதுதான் பேர்.

பானையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குபீரென்று சிரித்தார். சிரித்து முடித்ததும் இடுப்பில் கை. “சரி, கல்லிக்கு யார் சொல்வது?”

அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் வராண்டாவில் நின்று மறுபடி வாசித்தார். அதே சத்தத்தில்! வரிக்கு வரி நான் இந்தியில் சொன்னேன். கல்லியே கூடிவிட்டது. தீதி ஊட்டிவிட்ட இடம் வந்தபோது நான் அவசரமாக அடுத்த வரிக்குத் தாவினேன். தீதி விடவில்லை. “ஊறுகாய் கேட்டு அடம்பிடித்து அழுதாயே, அதை ஏன் எழுதவில்லை?” ஒரே சிரிப்பு.

இத்தனை காலமும் கடல் தாண்டி இருக்கிற உங்களுக்காகவே எழுதிக்கொண்டிருந்தேன். யாரைப் பற்றி எழுதுகிறேனோ, அவருக்கு ஒருமுறைகூட வாசித்துச் சொன்னதில்லை. இனி வாராவாரம் நாற்காலியோடு வந்துவிடுவதாகத் தீதி சொல்லிவிட்டார். மனசு நிறைந்திருக்கிறது.

எதற்கும் இனிமேல் ‘சாதம்’ என்றே எழுதலாமென்று இருக்கிறேன்... மாடியில் தெலுங்குக்காரர்கள். தெலுங்கில் அதற்கு ஏதும் விபரீத அர்த்தம் இல்லையே?