பைண்டிங் அட்டையில் ஓடிய கார்

உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு பண்ணைக்காரரிடம் கார் டிரைவராக இருந்தேன். ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காத காலம். ரிப்பேரையும் நானேதான் பார்ப்பேன். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒருநாள் காலை, சித்தேரி மலையிலிருந்து ஒரு பெண்ணைத் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். இரண்டு நாளாகப் பிரசவ வலி. முதலாளி உடனே காரை எடுக்கச் சொன்னார். அந்தப் பெண்ணைப் பின்சீட்டில் படுக்கவைத்து, புருஷனையும் ஏற்றிக்கொண்டு தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

பாதி வழியில் இன்ஜின் இருமியது. உஸ்ஸென்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. பானெட்டைத் திறந்தேன். இன்ஜினுக்குக் காற்றும் பெட்ரோலும் போகிற மேனிஃபோல்டுக் குழாய், இன்ஜினோடு சேரும் இடத்தில் இடைவெளி விட்டு வெளிக்காற்றை இழுத்திருக்கிறது. முந்தின வாரம்தான் அதைக் கழற்றி மாட்டியிருந்தேன். மறுபடியும் கழற்றிப் பார்த்தால், நடுவில் காற்றுப் புகாமல் அடைக்கும் கேஸ்கட் அட்டை ஒரு ஓரம் பிய்ந்து கிடந்தது. மாற்று கேஸ்கட் இல்லை. வண்டிக்குள் முனகல் சத்தம்கூட அடங்கிவிட்டது.

"சாமி, வண்டி போவுமுங்களா?" என்றார் புருஷன்.

அப்போதுதான் எதிரே சைக்கிளில் ஒரு பாய் வந்தார். என் வயதுதான் இருக்கும். தருமபுரியில் புத்தகம் பைண்டு செய்பவர். பள்ளிக்கூட ரிஜிஸ்டர்களுக்கு அட்டை போடப் போய்க்கொண்டிருந்தார். கேரியரில் அட்டைக்கட்டைப் பார்த்ததும் ஓடிப்போய் மறித்தேன்.

"பாய், இதே மாதிரி ஒண்ணு வெட்டித் தருவீங்களா?" என்று பிய்ந்த கேஸ்கட்டை நீட்டினேன்.

அதை அவர் வாங்கவே இல்லை. "கிழிஞ்சதைப் பாத்து வெட்டுனா தப்பாப் போயிருமுங்க. இது உக்கார்ற எடத்தைக் காட்டுங்க."

மேனிஃபோல்டின் முகத்தில் மெல்லிய அட்டையை வைத்து, கத்தரிக்கோல் பிடியால் ஓரமாகத் தட்டிக்கொண்டே போனார். துளைகள் அத்தனையும் அட்டையில் அச்சாக விழுந்தன. கத்தியைச் சுழற்றி வெட்டி எடுத்தார். கார் இன்ஜினை அன்றுதான் முதன்முதலாகக் கிட்டத்தில் பார்க்கிறாராம்!

அட்டையில் எண்ணெய் தடவிப் பொருத்தினேன். ஓரத்து நட்டை ஸ்பேனரால் முறுக்கத் தொடங்கியதும் என் கையைப் பிடித்தார்.

"அப்பிடி இறுக்காதீங்கண்ணே. புஸ்தகத்தை அழுத்துற பிரஸ்ல வெச்சு ஒரு பக்கமே திருகுனா மறுபக்கம் வாய் பொளந்துக்கும். நடுவுல இருந்து ஆரம்பிச்சு, எல்லாத்தையும் கொஞ்சங் கொஞ்சமா முறுக்குங்க."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. முந்தின வாரம் நான் ஓரத்திலிருந்துதான் ஒவ்வொன்றாக முழு பலத்தோடு முறுக்கியிருந்தேன். கேஸ்கட் பிய்ந்ததே அதனால்தான். இன்ஜினையே அறியாத மனிதர் என் தப்பை இன்ஜினுக்குள் பார்த்துவிட்டார்.

அவர் சொன்னபடியே முறுக்கி, வண்டியின் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது. அந்த உஸ் சத்தம் இல்லை.

"தேங்க்ஸ் எல்லாம் அப்பறம். போங்கண்ணே, நிக்காதீங்க!" என்று கத்தினார்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அந்தப் பெண்ணை நேராக உள்ளே கொண்டுபோனார்கள். மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் இருவருமே இல்லை என்றார் டாக்டரம்மா. புருஷன் ஓடிவந்து என் காலைப் பிடித்தார். கூச்சத்தில் எனக்கு உடம்பே குறுகிப்போனது.

ஒரு தொழிலை அவ்வளவு ஆழமாகக் கற்றவரின் கைக்கு, தான் தொட்டே இராத பொருளும் எப்படிப் பிடிபடுகிறது என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.