கீழாநெல்லியைப் பற்றி யாரும் கேட்கவில்லை

எண்பதுகளின் நடுவில் மலேசியாவின் ஈப்போவில் நடந்தது இது. கோப்பெங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தைத் துண்டாடி விற்றுவிட்டதால், மரம் சீவிய கையோடு டவுனுக்கு வந்து காலுக்குப் போடும் சப்பாத்து செய்கிற ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருந்தேன். கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரிக்குப் போனால், ஹெப்படைட்டிஸ் பி என்றார்கள். அதே நோயில் என் அண்ணன் வயிறு வீங்கிச் செத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்கோ இரண்டு சின்னப் பிள்ளைகள். பயத்தில் சோறு இறங்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் அப்போது அந்தக் கிருமிக்கு ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பெயர்கூட வைக்காத மாத்திரை. புட்டியில் வெறும் எண்தான். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். மாதாமாதம் ரத்தம் எடுப்பார்கள். வேறு மருந்து எதுவும் சாப்பிடக் கூடாது என்பது கட்டளை. "வேற மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று டாக்டருக்காகத் தமிழ் ஊழியர் ஒருவர் கேட்பார். "இல்லைங்க" என்பேன். மனசறிந்து பொய் சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் ரத்தம் நன்றாகத் தெளிந்திருந்தது. சீன டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. காலையில் என்ன சாப்பிடுவேன் என்று ஊழியர் வழியாகச் சும்மா கேட்டார்.

"ரொட்டி, கோப்பி. அதுக்கு முன்னாடி வெறும் வயித்துல கீழாநெல்லிய அரைச்சு மோருல குடிப்பேன்" என்றேன். காமாலை என்றால் தோட்டத்தில் எல்லாரும் அதைத்தான் குடிப்போம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் என்கிற கம்பவுண்டர் கொடுப்பது மருந்து; எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் முளைப்பது கீரை மாதிரி. அதைப் போய் யார் மருந்து என்பார்கள்?

ஊழியர் பதறிப்போனார். "ஐயோ அக்கா, சும்மா இருங்கலா! சொன்னா பேர வெட்டிருவாங்க, மாத்திரையும் கிடைக்காது. ரொட்டின்னு மட்டும் சொல்லிடுறேன்."

அந்த மாத்திரைதான் என் உயிர் என்று நம்பியிருந்தேன். ஆனால் தெளியவைத்தது இலையாக இருந்து, என் ரத்தத்தால் அந்த மாத்திரைக்கு நல்ல பேர் கிடைத்து, அதை நம்பி இன்னொருத்தி அண்ணனும் செத்தால்? கோபம் வந்துவிட்டது. தெரிந்த அரைகுறை மலாயில் நானே டாக்டரிடம் சொன்னேன்: "டாக்டர், சாயா மினும் டாவுன், ஹாரி-ஹாரி." தினமும் இலை குடிக்கிறேன்!

டாக்டர் சிரிப்பு நின்றது. என் பெயரை அடித்தார், புட்டியையும் வாங்கிக்கொண்டார். "தோட்டத்து ஆளுங்களே இப்படித்தான்" என்று ஊழியர் முணுமுணுத்தார்.

விடுவேனா? "மருந்தக் கேட்டீங்க, சொன்னேன். இலையக் கேட்டீங்களா? எங்களுக்குப் புரியுற மாதிரி கேளுங்க. இதயும் அவருகிட்ட சொல்லுங்க, ஒரு வார்த்த விடாம!" என்று கத்தினேன். வேறு வழியில்லாமல் அவரும் சொன்னார். டாக்டர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். பஸ்ஸில் வீடு போகிற வழியெல்லாம் அழுதேன்.

அடுத்த மாதம் சாதாரண நோயாளியாகப் பரிசோதனைக்குப் போனேன். அதே ஊழியர் ஒரு புது நோயாளியிடம் தாளைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்: "மருந்து, இலை, வேரு, கஷாயம், ஏதாச்சும் குடிக்கிறீங்களா?" என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் பிழைத்துக்கொண்டேன். மாத்திரையாலா, இலையாலா, உடம்பு தானாகவே தேறியதா, எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் இன்றும் எந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்தாலும், அவர் கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.