மாத்திரைக்குக் கிடைத்த சதவீதம்

"...அதெல்லாம் ஒரு குறையும் இல்லை டாக்டர், எல்லாம் அவளே பண்ணிப்பா. காலம்பற வாசல் தெளிச்சுக் கோலம் போடறதே அவதான்," என்று மன்னி சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊனச் சர்டிபிகேட் தரும் மெடிக்கல் போர்டு அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று டாக்டர்கள். இந்தப் பக்கம் நானும், என் அண்ணாவின் மனைவியான மன்னியும். அண்ணா போன பிறகு, கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் அந்த நீளமான வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நடுவில் இருந்த பெண் டாக்டர் மன்னியின் பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டே எழுதினார். மலையாள ஊர்தான், ஆனாலும் இங்கே தமிழ் புரியாத டாக்டரை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு ஒரு நாளாவது அவருக்குப் புரியாமல் இருந்திருக்கக் கூடாதா.

ஏனென்றால் கோலம் போடுவது நான் இல்லை. இரண்டு வருஷமாக மன்னிதான். எனக்குப் பார்க்கின்சன்ஸ் வந்து, கை புள்ளி வைக்கப் போன இடத்தை விட்டுவிட்டு மாவைத் தெருவெல்லாம் தூவ ஆரம்பித்ததும், எனக்கு முன்னால் எழுந்து அவள் போட்டுவிடுவாள். அப்புறம் எதிர்வீட்டு மாமியிடம், "இன்னிக்கு நாத்தனார் கொஞ்சம் பெரிசாவே இழுத்துட்டா, பாருங்கோ," என்பாள். மாமியும் எட்டிப் பார்த்து, "கை அப்படியே இருக்கே!" என்பாள். எங்கள் தெருவில் ஒருவர் வீட்டு நோய் இன்னொருவர் வீட்டுக்கு அப்படித்தான் போய்ச் சேரும், குளித்து, பொட்டு வைத்து, தலைவாரிக்கொண்டு.

போர்டுக்கும் நான் அப்படித்தான் போனேன். பெரிய மனுஷர்கள் முன்னால் ஆடிக்கொண்டு நிற்கக் கூடாது என்று மன்னி கடிகாரத்தைப் பார்த்து மாத்திரை கொடுத்தாள். மாத்திரை போட்ட முக்கால் மணி நேரத்தில் என் உடம்பு எனக்குத் திரும்பக் கிடைக்கும். ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும். சரியாக அந்த நேரத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன், நடந்தேன், ஒரு சட்டையை நீட்டிப் பொத்தானைப் போடச் சொன்னார்கள், போட்டேன். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், அதையும் அழகாகவே போட்டேன். வெளியே வந்ததும் மன்னி, "ஃபர்ஸ்ட் கிளாஸ்," என்றாள்.

ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கினால் தோற்றுப்போகும் பரீட்சை அது. எங்கள் இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை.

எனக்கு வேலை சர்க்கார் ஆபீஸில், டைப்பிஸ்ட். ஒரு காலத்தில் நான் அடிக்கிற சத்தத்தைக் கேட்டு, "மழை வந்தாச்சு, குடை எடு," என்பார்கள். இப்போது சொட்டு வாளியில் விழுகிற மாதிரி ஒன்று, இரண்டு. சூப்பிரண்டு நல்ல மனுஷர். ஒருநாள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "மேடம், இது உங்க நல்லதுக்குச் சொல்றதாணு. வாலண்டரி ரிட்டயர்மென்ட் எழுதித் தந்தால் மரியாதையா வீட்டில் இருக்கலாமில்லே?" என்றார். தாளும் அவரே கொண்டுவந்திருந்தார். மன்னிக்குப் பென்ஷன் எதுவும் கிடையாது. என் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் இரண்டு இலை விழுகிறது. வேலை போனால் வீடும் போகும்.

வித்துராவிலிருந்து தினம் இரண்டு பஸ் மாறி வரும் கிளார்க் ஒருத்தி என் எதிர் மேஜை. சூப்பிரண்டு நகர்ந்ததும் ஓடி வந்தாள். "சேச்சி, ஒண்ணிலும் ஒப்பிடண்டா, கேட்டோ!" கையெழுத்தே போடாதே என்கிறாள். சர்வீசில் இருக்கும்போது வந்த ஊனத்துக்காக ஒருவரை வீட்டுக்கு அனுப்பச் சட்டத்தில் இடமில்லை, முடிகிற வேறு வேலையைத்தான் தரவேண்டும், சம்பளத்தையும் குறைக்கக் கூடாது என்று அவள்தான் சொன்னாள். "பட்சே சேச்சி, நம்ம ஆபீஸில் கண்ணால பார்த்தா நம்ப மாட்டாங்க, பேப்பர்ல பார்த்தாதான் நம்புவாங்க. நாற்பது சதவீதம்னு எழுதின சர்டிபிகேட் வேணும். பஸ் சலுகை, வரிச் சலுகை எல்லாம் பின்னே. ஆத்யம் நாற்காலி." முதலில் வேலை நிலைக்கட்டும் என்கிறாள்.

அதற்காகத்தான் போர்டுக்குப் போனது. நாற்பது வரவில்லை. தபாலில் வந்த தாளில் அதற்கு எவ்வளவோ கீழே ஒரு எண் இருந்தது. வழக்கமாக என்னைப் பார்க்கும் நரம்பு டாக்டரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். படித்தார், சிரித்தார், பிறகு கோபம் வந்தது. "இது உங்களுக்குப் போட்ட சதவீதம் இல்லை. நான் கொடுத்த மாத்திரைக்குப் போட்டது," என்றார். அப்பீல் எழுதச் சொல்லி, கூடவே அவரும் ஒரு கடிதம் தந்தார். "மறுபடி கூப்பிடற அன்னிக்கு ஒரு வேளை மாத்திரையை மட்டும் தள்ளிப் போடுங்க. மாத்திரை கையில் இருக்கட்டும். அவங்க உங்களைப் பார்க்கட்டும்."

அந்த மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தோம். சூப்பிரண்டின் தாள் என் மேஜை டிராயரில் கிடந்தது. அவரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இரண்டாவது தடவை மாத்திரை போடாமல் கிளம்பிய காலையை எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. கனவில் ஓட நினைப்போமே, கால் வராதே, அப்படி. ஆட்டோ போய்க்கொண்டிருந்தது. மழையில் கடைகளும் குடைகளும் கரைந்து ஒன்றின்மேல் ஒன்று வழிந்தன. ஆஸ்பத்திரித் தாழ்வாரம் எனக்கு முன்னால் நீண்டுகொண்டே போனது. நான் ஓர் எட்டு வைக்க நினைப்பேன். நினைப்பு முன்னால் போய்விடும், அங்கே நின்று என்னைத் திரும்பிப் பார்க்கும். பயமாகக்கூட இல்லை. தண்ணீருக்கு அடியில் இருப்பவளுக்கு மேலே பேசுவது கேட்குமே, அந்த மாதிரி தூரத்தில் மன்னியின் குரல் மட்டும். "மெதுவா. நான் இருக்கேன். மெதுவா."

வெளியே பெஞ்சில், கடவுளே, எங்கள் தெருக்காரர் ஒருவர். காது கேட்காததற்குச் சர்டிபிகேட் வாங்க வந்திருந்தார். மன்னியின் கை என் தோளில் இறுகியது. இத்தனை வருஷம் கட்டிக் காத்ததெல்லாம் அந்தப் பெஞ்சுக்கு முன்னால் அங்குலம் அங்குலமாக நடந்துபோனது. அவர் எழுந்து எனக்கு வழிவிட்டார்.

எனக்குக் கிடைத்த சர்டிபிகேட் இன்று பீரோவில் இருக்கிறது. நான் சர்வீசில் இருக்கிறேன், விசாரணை கவுண்டரில். வருகிறவர்களுக்கு வழி சொல்லும் வேலை. பேசத்தானே வேண்டும், அதற்கு என்னிடம் பஞ்சமே இல்லை. எப்படிக் கிடைத்தது என்று கேட்கிறவர்களுக்கு நான் சட்டத்திலிருந்து ஆரம்பிப்பதில்லை. அந்த அறையைத்தான் சொல்வேன்.

அதே பெண் டாக்டர். நாற்காலியில் நான் உட்கார்ந்து முடிக்கும்வரை பேனாவைத் திறக்காமல் காத்திருந்தார். பொத்தானைப் போடச் சொன்னார். என் விரல்கள் அதைத் தேடிக்கொண்டே இருந்தன. போதும் என்று சைகை காட்டிவிட்டு மன்னியைப் பார்த்தார்.

"போன தடவை எல்லாம் இவங்களே பண்ணிப்பாங்கன்னு சொன்னீங்க, அம்மா. இப்போ சொல்லுங்க. வீட்டில் எப்படி?"

மன்னி என்னைப் பார்த்தாள். நான் சிரிக்க நினைத்தேன், முகம் வரவில்லை. கதவு திறந்தே இருந்தது. பெஞ்சில் அந்தத் தெருக்காரர் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு வார்த்தைகூடக் காதில் விழாது என்பது மன்னிக்கும் தெரியும்.

மன்னி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து, தன் நாற்காலியை டாக்டர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் காலையில் கண் விழிப்பதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.