ஏழாம் நம்பர் வண்டியின் மணிக்கயிறு

எங்கள் டெப்போவில் அவருக்குப் பெயர் பிரேக்கண்ணன். பூனை குறுக்கே வந்தாலும் டிராமை நிறுத்திவிட்டு, அது அசைந்து அசைந்து போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். ஏழாம் நம்பர் வழித்தடத்தில் பதினோரு வருஷம் அவர் முன்னால் ஓட்ட, நான் பின்னால் டிக்கெட் கிழித்தேன். கண்டக்டர் கயிற்றை இழுத்து மணி அடிக்காமல் வண்டி ஓர் அங்குலம் நகரக்கூடாது. அடித்துவிட்டால் நிற்கவும் கூடாது. அந்தச் சட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தபால் ஆபீஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே, இரண்டாவது மாடியில் அவர் வீடு. அங்கே வந்ததும் தன் காலடியில் இருக்கும் மணியை இரண்டு முறை மிதிப்பார். அண்ணி கையில் கரண்டியோடு ஜன்னலுக்கு வருவார். ஒரு கையாட்டல், அவ்வளவுதான்.

"முப்பது வருஷம் ஆச்சு, இன்னும் என்னண்ணே காதல்?" என்பேன்.

"உனக்கு வயித்தெரிச்சல்மா."

உண்மைதான். என் வீட்டுக்காரர் நான் எதிரே நின்றாலும் பேப்பரை இறக்காத ரகம்.

அன்று காலை வண்டி எடுக்கும்போதே அண்ணன் முகம் தொங்கிப்போயிருந்தது. மகளைப் பார்த்துவிட்டு வர இரண்டு நாள் லீவு போடச் சொல்லி அண்ணி சண்டை பிடித்தாராம். முதல் சுற்றில் மணி மிதித்தார். ஜன்னலில் ஆளில்லை.

"கோவமா இருக்காங்க, விடுங்கண்ணே" என்றேன்.

ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் மணி நேரம். இரண்டாம் சுற்றிலும் ஜன்னல் காலி. நான்கு முறை, ஐந்து முறை மிதித்துப் பார்த்தார். பிறகு எழுந்துவிட்டார்.

"ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேம்மா. ரெண்டே நிமிஷம்."

பின்னால் இரண்டு வண்டிகள் நின்று மணியால் கத்திக்கொண்டிருந்தன. தண்டவாளத்தில் ஓடுகிற வண்டிக்கு ஒதுங்க இடமேது? போன வாரம்தான் தாமதத்துக்காக டைம்கீப்பர் எல்லோர் முன்னாலும் என் மானத்தை வாங்கியிருந்தார்.

"நல்லா இருக்கே! பொண்டாட்டிய சமாதானப்படுத்த டிராம நிறுத்துவீங்களா? உக்காருங்கண்ணே!" என்று சொல்லிக் கயிற்றை இழுத்தேன்.

அண்ணாந்து ஒருமுறை பார்த்தார். உட்கார்ந்தார். வண்டியை எடுத்தார்.

மூன்றாம் சுற்றில் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கி ஓடினார். அண்ணி சமையலறைத் தரையில் கிடந்தார், மூச்சு மட்டும் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் என்னிடம் சொன்னார்: "மூளையில ரத்தக்கசிவு. ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்." சாயங்காலம் அண்ணி போய்விட்டார்.

பாவி நான், டாக்டர் சொன்னதை அவரிடம் சொல்லவே இல்லை.

வேறு வழித்தடம் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. காலடி மணியை மட்டும் அங்கே மிதிப்பதில்லை. அந்த நிறுத்தம் வந்தால் எனக்குத்தான் கை எழாது. எல்லோரும் இறங்கி ஏறி முடித்த பிறகும் கயிற்றைப் பிடித்தபடி நிற்பேன். முன்னாலிருந்து மெதுவாகக் குரல் வரும், "மணி அடிம்மா." அப்புறம்தான் இழுப்பேன். நான்கு வருஷம் இப்படியே ஓடியது.

அவர் ஓய்வு பெற்ற நாள், கடைசிச் சுற்று. தபால் ஆபீஸ் நிறுத்தத்தில் அந்தக் குரல் வரவில்லை. பயந்துபோய் முன்னால் ஓடினேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர் சொன்னது அன்னிக்கே எனக்கும் கேட்டுச்சும்மா" என்றார். "கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன்."

"நான்தானேண்ணே மணி அடிச்சேன்! நான்தானே!"

"நீ அடிச்சே. வண்டிய எடுத்தது என் கைதானே."

பின்னால் வந்து நின்ற வண்டி கத்த ஆரம்பித்தது. கத்தித் தொலையட்டும்.

"மேல போயிட்டு வாங்கண்ணே. எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும், நான் கயித்தத் தொடமாட்டேன்."

என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

"இப்ப அங்க யாரும்மா இருக்கா? போ, மணிய அடி."